கண் திறக்காத படம்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற இளம் உளவியலாளர்கள் வருடத்துக்கு நாலு பேராவது என்னைத் தேடி வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: போகிற இடத்தில் எப்படிப் பேர் எடுப்பது? நான் பேர் எடுத்தவள் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வெளிநாட்டில் முதல் வருடமே பேர் கெட்டுப்போகாமல் தப்பித்த கதை ஒன்றுதான். அதைச் சொல்லி அனுப்புவேன். இந்த முறை நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து கேட்டதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் கோபம் வந்து வேறு எங்காவது போய்விடுகிறேன்.

நான் போன வெளிநாடு இந்தியா. சிரிக்க வேண்டாம். நான் பிறந்து வளர்ந்தது மலேயாவில், ஈப்போவில். அப்பா ரயில்வே குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். லண்டனில் இரண்டு வருடம் உளவியல் படித்துவிட்டு ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது, அங்கே கம்யூனிஸ்ட் கலகத்தால் ஊரடங்கும் காட்டுச் சண்டையுமாக இருந்தது. மனசு உடைந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களோடு பேச ஒருத்தியை வேலைக்கு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டில் ஒரு தரும ஆஸ்பத்திரி உளவியல் படித்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. ஒரு வருடம் சோதனை, பிறகு கமிட்டிக்குத் திருப்தி என்றால் நிரந்தரம். அப்பாவிடம் காட்டினேன். "நம்ம நாடுதானே, பயப்படாம போ" என்றார். அவர் அந்த நாட்டை விட்டுக் கப்பலேறி முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

மொழி தெரியாத நாட்டுக்குப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒவ்வொரு அடியையும் பார்த்து வைப்பார்கள். எனக்கு மொழி தெரிந்திருந்தது. கோயிலைத் தெரியும், பண்டிகையைத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும். அதனால் இந்த ஊர் மனிதர்களையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்து இறங்கினேன். என் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம் அந்த நினைப்புதான்.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கோவளத்துக்காரர். கடலோடு வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். குடும்பத்தில் முதலில் டாக்டரானவர் அவர்தான். கட்டுத்துணி அடுக்கிவைத்திருந்த அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்தார். வேகமான மனிதர். நான் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளில் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். "நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்" என்பார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

லண்டனில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: நோயாளி மட்டும் அறைக்குள், கதவு சாத்தியிருக்க வேண்டும், நம்மைப் பற்றி எது கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. செங்கல்பட்டில் ஒரு நோயாளி வந்தால் கூடவே நோயில்லாதவர்கள் ஆறு பேர் வருவார்கள். உட்காருவதற்கு முன்னாலேயே எந்த ஊர், யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆயிற்றா, எப்போது ஊருக்குத் திரும்பிப் போவேன் என்று என்னைக் கேட்டு முடித்துவிடுவார்கள். நான் புன்னகை செய்துகொண்டு, "அது இப்போ முக்கியமில்லை" என்பேன். முதல் தடவை வந்தவர்கள் இரண்டாம் தடவை வரவில்லை. வெளி வராந்தாவில் எனக்கு 'வாயத் தொறக்காத அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேசவைக்க வந்தவளுக்கு நல்ல பெயர்.

கமிட்டியில் மூன்று பேர். அவர்களில் குரல் உயர்ந்தவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. கோயில் தர்மகர்த்தாவும் அவரே. பேச்சு கேட்பதற்கு ஒரு ஆளா, அதுவும் மலேயாவிலிருந்தா என்பது அவர் கட்சி. பதினோரு மாதம் ஓடிவிட்டது. அவருக்குக் காட்ட என்னிடம் உருப்படியாக ஒரு கேஸ் கூட இல்லை. ஈப்போவுக்குத் திரும்பிப் போய் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏழுமலை வந்தான்.

ஏழுமலை கல்தச்சன். முப்பது வயது இருக்கும். மகாபலிபுரத்தில் ஒரு கோயில் திருப்பணிக்காகக் கொட்டகை போட்டுச் சிலை செதுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன். அவன் மனைவி அலமேலுவின் அண்ணன் கன்னியப்பனும் அதே கொட்டகையில்தான் வேலை. இரண்டு பேரும் ஒரே கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக முகத்துக்கு முகம் உட்கார்ந்து செதுக்குவார்கள். ஒருநாள் ஏழுமலையின் உளியடியில் தெறித்த சில்லு கன்னியப்பனின் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. அந்தக் கண் போயிற்று. அன்றிலிருந்து ஏழுமலை உளியைத் தொடவில்லை. சாப்பிட மாட்டான், பேச மாட்டான், காலையில் போய்க் கடற்கரையில் உட்கார்ந்தால் இருட்டும்போது யாராவது போய் அழைத்துவர வேண்டும். மூன்று மாதமாக இப்படி.

அவனை அழைத்து வந்தவள் மாமியார்காரி. கண் போனது அவள் பெற்ற பிள்ளைக்கு, உளி பிடித்தது அவள் பெண்ணைக் கட்டியவன். அவள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. "மொதல் நாளு சாயந்தரம் ரெண்டு பேருக்கும் சண்ட. மறுநாளு கண்ணு போச்சி. வேணும்னேதான் பண்ணான். இப்ப பைத்தியம் மாதிரி நடிக்கிறானோ, நெஜமாவே பைத்தியமோ, எனுக்குத் தெரிலம்மா. என் பொண்ண மட்டும் அவன் கையில உட மாட்டன்" என்றாள். பைத்தியம் என்று எழுதிக் கொடுத்தால், சென்னையிலிருக்கும் பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுவதாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் அங்கே போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம்.

வழக்கம்போல மாமியாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். ஏழுமலை நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரு மனிதனை வரையச் சொன்னேன். இது உங்களுக்கும் தெரிந்த பரீட்சைதான். படத்தில் எதைப் பெரிதாகப் போடுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்த்து மனசை அளப்பது. அவன் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வரைய ஆரம்பித்தான். மூன்று மாதமாக எதையும் தொடாத கை அது. இருந்தும் கோடு எங்கேயும் தயங்கவில்லை. சப்பணமிட்டு உட்கார்ந்த ஒரு ஆள், தோள், விரல் நகம், காதில் கடுக்கன், மீசையின் முனை வரை எல்லாம் வந்தது. கண் மட்டும் இல்லை. புருவத்துக்குக் கீழே வெறும் தாள். "முடிஞ்சிதா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மச்சானின் கண்ணைப் பறித்தவன், மனிதனை வரையச் சொன்னால் கண்ணில்லாமல் வரைகிறான். புத்தகம் படித்தவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அன்றே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். கண்ணை அழிக்கும் எண்ணம் இவன் மனதில் ஆழமாக இருக்கிறது, விபத்து வெறும் விபத்தாக இருக்காது, வீட்டில் வைத்திருப்பது ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நல்லது. அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பெரிய டாக்டர் முதல் தடவையாக மூன்று பக்கத்தையும் படித்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதக் காட்டும்மா திங்கக்கிழம கமிட்டிக்கு. ரைஸ் மில்லு வாயடச்சிப் போயிடுவாரு" என்றார். வராந்தாவில் காத்திருந்த மாமியாரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, நான் எழுதியதை இரண்டு வார்த்தையில் அவளிடம் சொல்லியும்விட்டார். மனுவில் மனைவிதான் கைநாட்டு வைக்க வேண்டும், அவளிடம் ஒரு வார்த்தை நேரில் கேட்டுவிட்டு வா என்று என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மகாபலிபுரம் போனேன். அலமேலு அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வருவாள், அங்கே போனால் பார்க்கலாம் என்றார்கள். போனேன். அவள் இன்னும் வந்திருக்கவில்லை. கன்னியப்பன் மட்டும் இருந்தான். இடது கண்ணின்மேல் ஒரு வெள்ளைத் துணியைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, படுக்கவைத்திருந்த ஒரு அம்மன் சிலையின் பாதத்தைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தான். கண் போனவன் முகத்தில் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தது எதுவும் அவன் முகத்தில் இல்லை. ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னான். உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி வந்தது.

"நீ எந்த ஊரும்மா?"

அது இப்போ முக்கியமில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது என் அறையில்லை. சாத்த ஒரு கதவு கூட இல்லை. தவிர, இன்னும் சில வாரங்களில் மூட்டை கட்டப்போகிறோமோ என்ற பயத்தில் பதினோரு மாதத்துப் பேச்சு என் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. மலேயா என்றேன். அப்பா ரயில்வே என்றேன். ஈப்போவில் எங்கள் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்த அம்மன் சிலை இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலில் வந்ததாம், கும்பாபிஷேகத்தன்று என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்களாம் என்று என்னென்னவோ சொன்னேன்.

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். "கப்பல்ல போகசொல்ல கண்ணு தொறந்து போச்சா, தொறக்காம போச்சா?"

"அப்படின்னா?"

"இன்னாம்மா, இது தெரியாதா? செலைக்கு எல்லாம் முடிச்சி, கடைசிலதான் கண்ணு. நாளு பாத்து, எங்க பெரிய ஸ்தபதி குளிச்சிட்டு வந்து, தங்க உளியால தொறப்பாரு. அதுக்கு முன்ன யாரும் கண்ணுல கை வெக்க மாட்டம். அதோ பாரு."

திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக்குள் ஏழெட்டுச் சிலைகள் வரிசையாகச் சாய்த்துவைக்கப்பட்டிருந்தன. உள்ளே வரும்போது நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. மூக்கு, உதடு, காதுத்தோடு, இடுப்புச் சலங்கை, விரல் நகம் எல்லாம் இருந்தன. ஒன்றுக்குக் கூடக் கண் திறந்திருக்கவில்லை. புருவத்துக்குக் கீழே வழவழவென்று கல். நான் பார்த்த அம்மன்களெல்லாம் கண் திறந்து, பூப்போட்டு, பூசை முடிந்து நின்றவர்கள். அதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"பேப்பர்ல வரைஞ்சா?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டு ஆளுங்க பேப்பர்ல போட்டாலும் கண்ணு வெக்க மாட்டாங்க. கை வராது. பழக்கம் அப்டி."

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. ஏழுமலை படம் வரைந்தது பைத்தியத்தால் இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு கல்தச்சனாக அவன் கை வேலை செய்திருந்தது. குணமாவதற்கு இருந்த ஒரே அடையாளத்தை நான் நோய் என்று எழுதிவைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் அந்த விபத்தைப் பற்றிக் கன்னியப்பனிடம் கேட்டேன். இதுவரை யாருமே அவனைக் கேட்டதில்லையாம். முதல்நாள் சண்டை உண்மைதான். படுத்திருந்த சிலையின் கை நீளம் என்று கன்னியப்பன் சொல்லியிருக்கிறான், அளவு சரி என்று ஏழுமலை சொல்லியிருக்கிறான். மறுநாள் ஏழுமலை உளி வைத்து அடிக்கும்போது, "இங்க பார்றா, இங்கதான் நீளம்" என்று விரலால் காட்டக் கன்னியப்பன் குனிந்திருக்கிறான். "நாந்தாம்மா குனிஞ்சேன். அம்மாகிட்ட சொன்னா, மாப்ளைக்குப் பரிஞ்சி பேசறேன்னுது" என்றான். அலமேலு தூக்குச் சட்டியோடு வந்தாள். கைநாட்டு ஒன்றும் வேண்டாம், இரண்டு நாள் பொறு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இளம் நண்பர்களே, அந்த பஸ்ஸில் நான் நினைத்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, 'மேலும் சில வாரம் கவனிக்க வேண்டும்' என்று மாற்றினால் போதும். ஏழுமலை தப்பிப்பான், நானும் தப்பிப்பேன், யாருக்கும் தெரியாது. திருக்கழுக்குன்றம் வரும்வரை இதுதான் சரியென்று பட்டது. வாக்கியத்தைக் கூட மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன். நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் மாமியார் ஞாபகம் வந்தாள். டாக்டர் அவளிடம் படத்தைக் காட்டிவிட்டார். 'மலேயா அம்மா படத்தப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாங்க, வேணும்னேதான் பண்ணானாம்' என்று அவள் இந்நேரம் மகாபலிபுரம் முழுக்கச் சொல்லியிருப்பாள். தாளில் இருப்பதை நான் மாற்றலாம். ஊர்வாயில் இருப்பதை யார் மாற்றுவது? நான் தப்பு என்று நானே வாய்திறந்து சொன்னாலொழிய அது மாறாது.

ஞாயிறு காலை பெரிய டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. என்மேல் பாதி, அவசரப்பட்டு மாமியாரிடம் படத்தைக் காட்டிவிட்ட தன்மேல் பாதி என்று இப்போது நினைக்கிறேன். ஆனாலும் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். கமிட்டிக்கு வேறு ஏதாவது கேஸைக் காட்டு, இதை அப்புறம் நாமே மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம், நாளைக்கே போட்டு உடைக்க வேண்டுமா என்றார்.

"நாளைக்கு விட்டா அப்புறம் எனக்குத் தைரியம் வராது டாக்டர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இத சொன்னா உன்ன ஊருக்கு அனுப்பிடுவாங்கம்மா."

"தெரியும்" என்றேன். தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை கமிட்டியின் முன் அந்தப் படத்தை மேசைமேல் வைத்தேன். நான் எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் வாசித்தேன். ரைஸ் மில் முதலாளி படத்தைப் பார்த்து அதிசயமாகப் புருவத்தை உயர்த்தினார். எல்லாரும் கேட்டு முடித்ததும், இதில் எழுதியிருப்பது தப்பு என்றேன். எப்படித் தப்பு, எங்கே போய்த் தெரிந்துகொண்டேன், படத்தைக் காட்டியதால் ஒரு மனிதனின் பேர் எப்படிக் கெட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளிதான் முதலில் பேசினார்.

"ஏம்மா, கண்ணு தொறக்கறது கடைசிலன்னு எனுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமே."

"கேக்கலாம்னே எனக்குத் தோணலைங்க. அதுதான் தப்பு."

அவர் மற்ற இருவரோடும் ஏதோ பேசினார். நிரந்தரம் இல்லை என்றார்கள். ஆனால் ஊருக்கும் அனுப்பவில்லை. இன்னும் ஆறு மாதம். அதற்கு ஒரு நிபந்தனை: நோயாளியின் வீட்டையும் வேலை செய்கிற இடத்தையும் போய்ப் பார்க்காமல் ஒரு தாள் கூட எழுதக் கூடாது. முதலாளி அதைத் தண்டனை மாதிரிதான் சொன்னார். முப்பது வருடம் நான் வேலை செய்த முறையே அதுதான். லண்டன் கொடுத்த டிப்ளமாவோடு இதையும் சேர்த்துத்தான் என் படிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

மறுநாளே மகாபலிபுரம் போய், கொட்டகை ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது மாமியாரிடம் சொன்னேன். அவள் என்னைச் சும்மா விடவில்லை. "அப்போ நீ சொன்னது பொய்யா?" என்றாள். "பொய் இல்லம்மா, தப்பு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகை எனக்குப் புரிந்தது. யார்மேலும் பழி போட முடியாத துக்கம்தான் தாங்க முடியாத துக்கம். கன்னியப்பன் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தான் குனிந்ததை மறுபடி முதலிலிருந்து சொன்னான். அந்தத் தடவை அவள் கேட்டாள்.

இனி ஏழுமலை. அடுத்த முறை அவன் வந்தபோது கதவைத் திறந்தே வைத்தேன். அலமேலு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எந்த ஊர், ஏன் வந்தேன் என்று அவன் கேட்காமலே சொன்னேன். அப்புறம் அந்தப் படத்தை அவன் முன்னால் வைத்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இது யாருடைய படம்?

"மச்சான்" என்றான். அவன் வாயிலிருந்து என் காதில் விழுந்த முதல் வார்த்தை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அழுதான். நான் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருக்க வேண்டிய நேரமும் இருக்கிறது, அதையும் லண்டனில்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அவர்களையும் முழுக்கக் குறை சொல்லக் கூடாது.

அவனுக்கு உளியைப் பார்த்துப் பயமில்லை. எதிரே யாராவது உட்கார்ந்திருந்தால்தான் சுத்தியல் கை இறங்க மறுத்தது. தனியாக உட்கார்ந்து செதுக்கச் சொல்லலாம் என்று நான் யோசித்தேன். கன்னியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக உட்காரவைத்தால் அவன் ஆயுசுக்கும் தனியாகத்தான் உட்காருவான், நான் எதிரே உட்காருகிறேன் என்றான். முதல் வாரம் கல்லே இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் ஏழுமலை மரக்கட்டையில் தட்டினான். அப்புறம் மாக்கல். நடுவில் இரண்டு தடவை பழையபடி கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான், அலமேலுதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து அழைத்துவந்தாள். கருங்கல்லுக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. கருங்கல்லில் அவன் முதல் அடி அடித்தபோது கன்னியப்பன் நகரவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆறாவது மாதக் கடைசியில் மச்சானும் மாப்பிள்ளையும் என் அறைக்கு வந்தார்கள். ஏழுமலை அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். கிணற்றடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கிழக்கு எது என்று கேட்டு அந்தப் பக்கம் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, என் பென்சிலை வாங்கி, கொஞ்ச நேரம் கும்பிட்டுவிட்டு ஒரு கண்ணை வரைந்தான். பென்சில் அப்படியே நின்றது. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான்.

"ரெண்டும் தொற மாப்ள" என்றான் கன்னியப்பன். "படத்துலயாவது ரெண்டா இருக்கட்டும்."

இரண்டாவது கண்ணையும் வரைந்தான். கன்னியப்பன் தாளை வாங்கித் தன் ஒற்றைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தான். எட்ட வைத்துப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "எடது கண்ணு சின்னதா கீது."

"இன்னா சின்னது? அளவு சரியாத்தான் கீது."

"எனுக்கு ஒரு கண்ணுதான் கீது, அதுக்கே தெரியிது. உனுக்கு ரெண்டு கீது, தெரிலியா?"

அந்த வார்த்தையைக் கேட்டு நான் பதறிப்போனேன். ஏழுமலை பதறவில்லை. தாளைப் பிடுங்கி, பென்சிலால் அளந்து காட்டி, உன் மூஞ்சியே கோணல், அதற்கு நான் என்ன பண்ணட்டும் என்று கத்தினான். கன்னியப்பன் பதிலுக்குக் கத்தினான். சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் ஓடிவந்து வாசலில் நின்றார். இரண்டு பேரும் அவரைப் பார்க்கக் கூட இல்லை. நான் ஒதுங்கி நின்று அழுதுகொண்டிருந்தேன், வெட்கப்படாமல்.

அன்றைக்கு நான் எழுதிய குறிப்பு ஒரே வரி. 'ஏழுமலை இன்று மச்சானோடு சண்டை போட்டார், படத்தில் இடது கண்ணின் அளவு பற்றி. இனி வர வேண்டியதில்லை.' அடுத்த கமிட்டியில் ரைஸ் மில் முதலாளி அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். படத்தைக் கேட்டு வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"சின்னதுதான்" என்று சொல்லிவிட்டு, என் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.